பக்கம் 112

வெள்ளவத்தை வங்கியில் கடன் கேட்டால்
இரண்டு பிணையாளர் கேட்பார்கள்.
அதனால்தான் எனக்கு இது உடனே பிடிபட்டது:
அவர் இவருக்குப் பிணை,
இவர் மற்றவருக்கு,
மற்றவர் அவருக்கு.
மூவரில் ஒருவருக்கும் உத்தியோகமில்லை.

அமைச்சிலிருந்து வந்த கட்டு.
சிறுநீரக நோயாளருக்கு இந்த மருந்தை
இருமடங்காக்கலாமா என்று ஒரு கேள்வி,
ஆமென்று சொல்லும் பத்தொன்பது கட்டுரைகள்.
முடிவுரைகளை விட்டுவிட்டு
உசாத்துணையிலிருந்து தொடங்கினேன்,
மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

ஒன்பது கட்டுரைகளில் அதே ஆறு பேர்,
ஒருவரையொருவர் அழைத்தபடி.
"நன்கு நிறுவப்பட்டது" என்ற சொல்லின் பின்னால்
எட்டு எண்கள்,
மாலை ஐந்தரை 138 பஸ்ஸின் மிதிபலகையில்போல.
எதிர்த்து எழுதிய எவருக்கும்
அதில் இடம் கொடுக்கவில்லை.

எண்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.
எல்லாம் போய்ச் சேர்ந்தது ஓரிடம்:
1987, மாநாட்டுத் தொகுப்பு, பக்கம் 112.

கின்சி வீதி நூலகத்தில்
நஸ்மினா ஏணி வைத்து ஏறி
அதை எடுத்துத் தந்தாள்.
பக்கம் 112:
பகல் உணவு பன்னிரண்டரைக்கு.
மரக்கறி வேண்டுவோர் முன்கூட்டியே பெயர் தருக.

சிரித்தோம்.
பிறகு அவள்தான் தாள்களைப் புரட்டினாள்.
121இல் இருந்தது.
பதினொரு நோயாளர். இருவர் இடையில் வரவில்லை.
இதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது
என்று முடித்திருந்தார் எழுதியவர்.

முப்பத்தாறு ஆண்டுகள்.
ஒருவராவது திறந்திருந்தால்
இலக்கம் திருந்தியிருக்கும்.
யாரோ ஒருவர் விட்ட அச்சுப்பிழை
கைக்குக் கை மாறிக்
கசங்காமல் வந்திருக்கிறது.

அன்றிரவே அறிக்கையை எழுதிவிட்டேன்.
பம்பலப்பிட்டிக் கடலோரம் கடைசி ரயில் போனது.
ஏதோ தோன்றி
அலுமாரியின் மேல்தட்டிலிருந்து
என் ஆய்வேட்டை இறக்கினேன்.
2009. நீல மட்டை, பொன்னெழுத்து.
உசாத்துணை முப்பத்தொன்று.

பக்கம் 112.

கின்சி வீதி அப்போதும் பத்து நிமிட நடைதான்.
பஞ்சி.

பத்தொன்பது என்று அடித்திருந்ததை
இருபது என்று மாற்றினேன்.
பெயர்களை அகர வரிசையில் அடுக்கியபோது
நடுவில் எங்கோ வந்தேன்,
இரு பக்கமும் ஆட்கள் நெருக்கியபடி.