கணக்கில் வராத ஸ்பேனர்

டிராலி பஸ்களுக்கு முப்பது வருஷம் பச்சை அடித்தவள் நான்.
விமானம் என்றால் எனக்குப் பரப்பளவு:
எத்தனை சதுர மீட்டர், எத்தனை லிட்டர் பெயிண்ட்.

இந்த மிக்-21
பிளோவ்திவுக்குத் தெற்கே ஒரு சூரியகாந்தி வயலோரம்
முப்பத்தைந்து வருஷம் நின்றிருக்கிறது.
டயர்கள் உட்கார்ந்துவிட்டன.
மூக்குத் துவாரத்தில் குளவிகள் குடித்தனம்.
இறக்கையில் யாரோ ஆணியால் கீறியிருந்தான்:
‘ஸ்னெஜா, மன்னித்துவிடு.’
அருங்காட்சியகம் கேட்டது வெள்ளி நிறம்.

சனிக்கிழமைகளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம்.
சாம்பலுக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் மண்நிறம்,
அதற்கும் அடியில் சிவப்பில் ஓர் எண், இருபத்து மூன்று.
அந்த மூன்றை எட்டாக மாற்றப் பார்த்து
பாதியில் விட்டிருக்கிறார்கள்.
ஏன் என்று லியூபெனைக் கேட்டேன்.
“எதிரி எண்ணுவான் இல்லையா, குழப்பத்தான்.”
எதிரி யார் என்று கேட்டேன்.
“அதை எங்களுக்குச் சொல்லவில்லை.”

லியூபென் இதே விமானத்தின் மெக்கானிக்.
எழுபத்தாறு வயது. மண்டியிட்டால் எழுவதற்கு என் தோள் வேண்டும்.
எடுத்த கருவியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத்தான்
காபியைத் தொடுவார்.
எங்கள் டிப்போவில் இப்படி ஒருவரையும் பார்த்ததில்லை.

ஜூன் மாதம்
பின்வயிற்றுத் தகட்டின் பதினோரு திருகுகளில்
ஒன்பது கழன்றன, இரண்டைத் துளைத்தெடுத்தோம்.
உள்ளே கையை விட்டேன்.
தூசி, ஒரு குருவியின் எலும்பு,
பிறகு குளிர்ந்த ஏதோ.
பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர்.
பிடியில் வெட்டியிருந்தது: 23-7.

அவரிடம் நீட்டினேன்.
வாங்கவில்லை.
பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார்.

எழுபத்தெட்டு, அக்டோபர்.
மாலைக் கணக்கில் ஏழாம் எண் குறைந்தது.
ஓடுபாதை நெடுக நாற்பது பேர் தோளோடு தோள் நின்று
நான்கு நாள் புல்லை விலக்கித் தேடினார்கள்.
விமானத்தைப் பிரித்தும் கிடைக்கவில்லை.
‘விற்றுவிட்டான்’ என்று எழுதினார்கள்.
ஒரு ஸ்பேனரை.
யாருக்கு விற்பது?
தோளிலிருந்த பட்டை போயிற்று.
துருக்கி எல்லையில் இரண்டு குளிர்காலம்
ஒரு ஜெனரேட்டருக்குக் காவல்.
மகள் பிறந்ததைத் தந்தியில் படித்தார்.

“தண்டில் சிக்கியிருந்தால் ஆளையே கொன்றிருக்கும்.
அவர்கள் பயந்தது சரிதான்.
விற்றேன் என்று எழுதியதுதான்…”
வாக்கியத்தை முடிக்கவில்லை.

பிறகு விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.
பதினோரு வருஷம். எண்ணூறு மணி நேரம்.
பதினேழு கிலோமீட்டர் உயரம்.
“நான் ஒரு தடவைகூடப் பறந்ததில்லை, நெவேனா.
என் கையில் இருந்ததில் மேலே போனது
இது ஒன்றுதான்.”

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை.
கண்ணாடிப் பெட்டி, கீழே உங்கள் பெயர், சரிதானே என்றார்.
லியூபென் தலையை ஒருமுறை மேலே நிமிர்த்தி இறக்கினார்.
பயிற்சிக்கு வந்திருந்த டென்மார்க் பையன்
உற்சாகமாய் விவர அட்டை எழுதத் தொடங்கிவிட்டான்.
எங்கள் ஊரில் அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம்.
யாராவது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அவர் சீக்கிரமே வந்தார்.
தகடு திறந்தேதான் கிடந்தது.
நான் பெயிண்டைக் கலக்கிக்கொண்டிருந்தேன்,
அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
பதினோரு புதுத் திருகுகள் இறுகும் சத்தம் மட்டும்,
ஒவ்வொன்றாய்.
அதன்மேல் மூன்று பூச்சு வெள்ளி அடித்தேன்.

ஸ்பேனர் எங்கே என்று இயக்குநர் கேட்டபோது
மறுபடியும் தொலைந்துவிட்டது என்றேன்.
இந்த முறை யாரும் புல்லை விலக்கித் தேடவில்லை.

செப்டம்பரில் கிரேன் வந்தது.
பீடத்தில் ஏற்ற வேண்டும், ஒன்றரை மீட்டர்.
சக்கரங்கள் தரையை விட்டதும்
வயிற்றுக்குள் எங்கோ ‘டிங்’ என்றது.
கிரேன்காரர் நிறுத்தினார்.
ஏதாவது கழன்றிருக்கிறதா என்று கேட்டார்.
லியூபென் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்றுமில்லை,
தூக்குங்கள் என்றேன்.