நான்கு நொடி

விட்டியர் ஊருக்குள் நுழைய ஒரே ஒரு குகைவழி.
ரயிலுக்கும் காருக்கும் அதே பாதை, முறை வைத்து.
எங்கள் முறைக்காகக் காத்திருக்கையில்
ஊரே ஒரு கட்டடத்தில் குடியிருக்கிறதாம் என்றேன்.
சௌதாமினிக்குக் கேட்கவில்லை.
வலது காதுக் கருவியின் பேட்டரி
நேற்றிரவே சிணுங்கிக்கொண்டிருந்தது.
மாற்று பேட்டரி எடுத்துவைக்கிறேன் என்றது நான்,
எடுத்துவைக்காததும் நான்.

படகு துறையை விட்டதும் காற்று
இடது கருவிக்குள் புகுந்து சீட்டியடித்தது.
இரண்டையும் கழற்றி
மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு
ஜிப்பை இழுத்தாள்.
அறிவிப்புகளைச் சொல்லும் வேலை
என் கைகளுக்கு வந்தது.

கேப்டன் ஒலிபெருக்கியில்
கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்கிறார்:
இரண்டு மணிக்கு ஒரு நீர்நாய்.
நான் இரண்டு விரலைக் காட்டி,
இரண்டு மணி எந்தப் பக்கம் என்று யோசித்து,
கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள்
என் தாடையைப் பிடித்துத் திருப்புகிறாள்.
அங்கே, மல்லாந்து மிதந்தபடி
வயிற்றின் மேல் சிப்பி வைத்து உடைக்கிறது,
விருந்து முடிந்து சாய்ந்த சம்பந்தி போல.

மிதவையின் மேல் கடற்சிங்கங்கள்,
பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த முகத்தோடு.
பனித்துண்டின் மேல் கடல்நாய், பக்கத்தில் குட்டி.
நாய், சிங்கம், காகம்...
கடலுக்குப் பெயர் வைக்கப் போனவர்கள்
எல்லாவற்றையும் தரையிலிருந்து
கடன் வாங்கிப் போயிருக்கிறார்கள்.
பனியும் அப்படித்தான்.
மார்கழிப் புல்நுனியில் இருப்பதும் பனி,
இதோ, பல மாடி உயரத்துக்கு
நீலம் பாரித்து நிற்பதும் பனி.

கேப்டன் அதன் பெயரைச் சொன்னார்.
எஞ்சின் விழுங்கியது.
இதற்கு மேல் நெருங்க முடியாது,
முக்கால் மைல் என்றார்.
பிறகு எஞ்சினும் நின்றது.

சுவரின் ஓரத்தில் ஒரு முகப்பு
யாரோ கையை விட்டதுபோல் இறங்கியது.
தூள் பறந்தது. தண்ணீர் எழும்பியது.
சத்தம் இல்லை.
ஒன்று.
போனைத் தூக்கியவர்கள் தூக்கியபடி.
இரண்டு.
சின்சினாட்டிக் கிழவரின் வாய் திறந்தபடி.
மூன்று.
படகில் இருந்த நூற்று நாற்பது பேரும்
அவள் வசிக்கும் வீட்டுக்குள் வந்து நின்றோம்,
செருப்பைக் கழற்றாமல்.

நான்காவதில் வந்தது.
இடி என்று எழுதலாம். இடி இல்லை.
லாரியிலிருந்து ஜல்லி கொட்டும் சத்தம்,
அதற்கு அடியில் ஒரு பெருமூச்சு.
எல்லோரும் தோளைக் குறுக்கினோம்.
அவள் பனியைப் பார்க்கவில்லை.
கம்பியில் உள்ளங்கை பதித்து
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
சத்தம் ஒவ்வொரு முகமாக வந்து இறங்குவதை.

பதினெட்டு வருடத்தில்
நான் சொல்லி அவள் அறிந்தவை எத்தனை,
முன்பே அறிந்துகொண்டு
நான் சொல்லி முடிக்கட்டும் என்று
காத்திருந்தவை எத்தனை?
கணக்குப் போடத் தொடங்கினேன்.
அந்த அலை வந்து படகைத் தூக்கிற்று.
கணக்கு சிந்திவிட்டது.

திரும்பும் வழியில் ட்ரெவர் என்கிற பணியாள் பையன்
வலைக்கூடை வீசி ஒரு கட்டியை அள்ளினான்.
உடைத்து, காகிதக் கோப்பைகளில் போட்டு நீட்டினான்.
உள்ளே பழைய காற்று அடைபட்டிருக்கிறது,
உருகும்போது வெடிக்கும், கேளுங்கள் என்றான்.
எல்லோரும் கோப்பையைக் காதோடு வைத்துக்கொண்டார்கள்.
இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று
நான் விரல்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அவள் ஒரு துண்டை எடுத்துக்
கடைவாய்ப் பல்லில் கவ்வி
கண்ணை மூடிக்கொண்டாள்.
தாடை அசையவில்லை.
புருவம் மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டேன்,
தேவைக்கு மேல் சத்தமாய்.
முன்னிருக்கைக் குழந்தை திரும்பிப் பார்த்தது.
கண்ணைத் திறக்காமலே
அவள் ஒரு விரலைத் தூக்கினாள்:
இரு.