பன்னிரண்டு பார்

சல்மாபாத்தில் டயர் கடைக்குப் பின்னால் ஒரு ஷெட்.
திங்கள் இரவுகளில் அங்கே நாங்கள் ராக் பேண்ட்.
மற்ற நேரத்தில்
ரொமெல் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான்,
அவன் மச்சான், பேஸ் வாசிப்பவன், கேக் டெலிவரி,
ஜோஷி தண்ணீர் லாரி,
பாடுகிற ஷெர்வின் ஏர்போர்ட்டில் பெட்டி எடைபோடுகிறான்.
நான் ஏசி குழாய்களுக்குள் தவழ்ந்து
பிறர் தும்மிய தூசியை உறிஞ்சியெடுக்கிறேன்.

ரெண்டாம் பல்லவி முடிந்ததும்
பன்னிரண்டு பார் உனக்கு என்றான் ரொமெல்.
நாலு நாலு தட்டு, எண்ணிப் பார், என்றான் ஜோஷி.
எண்ணினேன். இருபத்துநாலு விநாடி.
அந்த இருபத்துநாலு விநாடிக்காக
என் அறையில் மூன்று பேர்
ஐந்து வாரம் என்னோடு பேசவில்லை.

முதலில் தெரிந்ததையெல்லாம் வைத்தேன்.
ரயில் வைத்தேன், ரயிலுக்கு விசில் வைத்தேன்,
மேலே ஏறி ஒரு நடுக்கம், கீழே வந்து ஒரு நடுக்கம்.
ஃபோனில் பதிந்து கேட்டால்
மீன் கடையில் பேரம் பேசுகிற ஆள் மாதிரி இருந்தது.
ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
ரயிலை விட மனசே வரவில்லை.

நாலாம் துளையில் மூச்சை உள்ளே இழுத்து
நாக்கை அடியில் சுருட்டினால்
மவுத்தார்கன் தலைகுனியும்.
குனிந்த இடத்தில் நிறுத்திவைப்பதுதான் பாடு.
கூட இழுத்தால் ஆடு.
குறைய இழுத்தால் கடன் கேட்கிற குரல்.
சித்ராவில் ஒரு கிடங்கின் குழாய்க்குள் மல்லாந்து கிடந்து
முகமூடிக்குள் வெறும் வாயைச் சுருட்டிப் பார்த்தபோது
அந்த நடு இடம் அகப்பட்டது.
கீழே ஏணியைப் பிடித்திருந்த மைதீன் பாய்
என்னப்பா, மூச்சு முட்டுதா என்றார்.
ஆமா என்றேன்.

ஐந்தாம் பாரில் கிடார் ஏறும். நான் ஏறக்கூடாது.
ஒன்பதில் எல்லோரும் இடம் மாறுவார்கள்,
நான் ஆறாம் துளையைப் பிடித்துத் தொங்க வேண்டும்.
பதினொன்றில் ஒன்றுமில்லை.
அது யோசித்து வைத்ததில்லை.
இழுத்து இழுத்து நெஞ்சு நிரம்பி
ஊத ஒரு துளையும் கிடைக்காமல்
ஒரு திங்கள் சும்மா நின்றுவிட்டேன்.
அதை மட்டும் மாத்தாதே என்றான் ஜோஷி.

ஆகஸ்ட், வியாழன், ஜுஃபைரில் ஓட்டல்.
ஷெர்வினுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
அரைக்கட்டை இறக்கிக்கலாம் என்றான்,
உப்பு கொஞ்சம் குறைச்சுக்கலாம் என்பதுபோல.
கிடார்களுக்கு அது ஆறு காதுத் திருகல்.
என்னிடம் இருப்பது பத்துத் துளை, இருபது பித்தளை நாக்கு.
எவன் தொண்டைக்காகவும் இறங்கிவராது.
வேறு கட்டையில் ஒன்று வாங்கலாமென்றால்
கடை ஒன்பதுக்கு அடைத்துவிடும்.
மணி பத்தேகால்.
அப்ப நான் இல்லாமப் போங்க என்றேன்.
கோபமில்லை என்று காட்ட
மவுத்தார்கனைச் சட்டையில் துடைத்தேன்.

ரொமெல் தன் கிடார் கழுத்தையே பார்த்தான்.
இடது கையை ஒரு கட்டம் நகர்த்தினான்.
உனக்கு மட்டும் மேலே ஏறுவோம்.
முடிஞ்சதும் இறங்கிடுவோம்.
ஒத்திகை?
தலையாட்டினான். நேரமில்லை.

ரெண்டாம் பல்லவி
ஷெர்வினின் கரகரப்போடு முடிந்தது.
ஜோஷி ஒரு உருட்டு உருட்டினான்.
முழு பேண்டும்
கனமான பிரிட்ஜைத் தூக்குகிறவர்கள் மாதிரி
ஒரே மூச்சில் அரைக்கட்டை ஏறியது.
மூலை மேசையில் நர்சுகள் நிமிர்ந்தார்கள்.
அங்கே, அந்தப் படியில், என் இடம் இருந்தது.

நாலாம் துளை குனிந்தது, நின்றது.
ஐந்தில் ஏறவில்லை.
ஏழில் எச்சில் அடைத்து ஒரு சுரம் வெறும் காற்றாய்ப் போனது,
போகட்டும்.
ஒன்பதில் தொங்கினேன்.
பதினொன்றில் நிறுத்தினேன்.

அந்த இரண்டு விநாடியில்
தலைக்கு மேலே குழாய்க்குள்
ஒரு தகடு கடகடத்தது.
எனக்குத் தெரியும்.
மார்ச்சில் நான் மாட்டியது.

பன்னிரண்டு.
அவர்கள் இறங்கிவிட்டார்கள்.
நான் இனி ஒரு சுரமும் பொருந்தாமல்
ஓரமாய் நின்று
மவுத்தார்கனை உள்ளங்கையில் தட்டினேன்,
இரண்டு சொட்டு.
கைதட்டல் எதற்கென்று சரியாகக் கேட்கவில்லை.
கடகடப்பு கேட்டது.
இடது பக்கத் திருகு.
காலையில் ஏணி கேட்கணும்.