கால்வாய் எங்கே, மிஸ்?

அக்ரன் நூலகத்தின் சனிக்கிழமைக் குழு.
பதினேழு பிள்ளைகள். பதினேழு நீல மழைக்கோட்டு,
எல்லாம் ஒரே அளவு, தள்ளுபடியில் வந்தவை.
ஒரு மருந்துப் பெட்டி. நான்.

எண்ணினேன், பதினாறு.
மறுபடி எண்ணினேன், பதினெட்டு.
பதினெட்டாவது
பெஞ்சில் யாரோ விரித்து வைத்த நீலக் குடை.

இந்த ரயில் தானாக நிற்காது.
நடைமேடையில் நின்று
இரு கையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்ட வேண்டும்.
சொன்னதுதான் தாமதம்,
முப்பத்து நான்கு கைகள்.
அத்தனை பெரிய இரும்பு
பெருமூச்சு விட்டு எதிரே வந்து நின்றதும்
பிரென்னா தன் உள்ளங்கையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

குயஹோகா ஆறு இடப்பக்கம் வந்தது,
மறைந்தது, வலப்பக்கம் வந்தது.
இலை விடாத மரங்களில் நாரைக் கூடுகள்,
யாரோ விறகை மேலே எறிந்து மறந்துபோனது போல.
தாரியஸ் மதியச் சாப்பாட்டைப் பத்தரைக்கே முடித்துவிட்டான்.
சுக்மாயா ஜன்னல் ஆவியில் கப்பல் வரைந்தாள்:
மூன்று புகைபோக்கி, கொடி, நீச்சல் குளம்.
கால்வாய், படகு என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.
தப்பு என்மேல்.

இறங்கி நடந்தால்
புல், சேறு, நீளமாய் ஒரு பள்ளம்.
பள்ளத்தின் நடுவில் யாரையும் கேட்காமல்
வளர்ந்து நிற்கும் மரம்.
"கால்வாய் எங்கே, மிஸ்?"
"இதுதான்."
"தண்ணிய யார் எடுத்தா?"
வெள்ளம் வந்து உடைத்தது, என்றேன்.
அதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது.
ஆமாம், நாம் வந்த ரயில்தான்.
எல்லோரும் திரும்பித் தண்டவாளத்தை முறைத்தார்கள்.

கடல் தாண்டி வந்து மண்வெட்டி பிடித்தவர்கள்,
நாளுக்கு முப்பது சென்ட் கூலி,
குளிர்காய்ச்சல், கரையோரம் பெயர் இல்லாத குழிகள்.
"முப்பது சென்ட்டுக்கு என்ன வாங்கலாம்?"
வெண்டல் கேட்டான்.
எனக்குத் தெரியவில்லை.

மணற்கல் சுவர் இரண்டு, இடையில் ஆழம்.
இது பூட்டு, என்றேன்.
"சாவி?"
தண்ணீர்தான் சாவி. கதவை அடைத்து, நீரை நிரப்பி,
படகை மெல்ல
என்று போவதற்குள் அவர்களை இழந்துவிட்டேன்.

அப்போதுதான் சேறு
தாரியஸின் இடது பூட்ஸைப் பிடித்துக்கொண்டது.
கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை.
மூன்று பேர் சேர்ந்து பிடுங்கினார்கள்.
ஒழுக ஒழுக அதை இரு கையில் ஏந்திய சுக்மாயா
"படகு" என்றாள்.

யார் ஏற்பாடு செய்தது, தெரியாது.
பிரென்னா ஒரு கதவு, வெண்டல் மறு கதவு,
சாய்ந்து தலையோடு தலை முட்டி அடைத்தார்கள்.
மற்றவர்கள் நீல முதுகுகளாய்க் குந்தினார்கள்.
விரல் நுனிகளில் பூட்ஸ்.
"ரொம்பு" என்றாள்.
கோட்டுகள் சரசரக்க
முழங்கால் நிமிர்ந்தது, இடுப்பு, தோள்,
பிறகு குதிகால் தூக்கிக் கைகள்,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
ஒரு துளி சிந்தாமல் என்று எழுத ஆசை.
சேறு எல்லார் தலையிலும் வழிந்தது.
படகு சுவர் விளிம்பேறி உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து ரயில் கூவியது.

ஓட்டம். நடைமேடை.
மறுபடி கைகள் மேலே,
இன்னும் வடியாத தண்ணீர்.
நின்றது.

எண்ணினேன். பதினேழு.
முதல் தடவையே சரியாக வந்த பூரிப்பில்
கீழே பார்க்கவில்லை.
மூன்று ஸ்டேஷன் தாண்டித்தான் பார்த்தேன்,
முப்பத்து மூன்று பூட்ஸ்.
தாரியஸ் ஈரச் சாக்ஸை
ஹீட்டர்மேல் காயப் போட்டிருந்தான், கவலையே இல்லாமல்.

"மேல ஏறினா எந்த ஊர், மிஸ்?"
அக்ரன், என்றேன். நம் ஊர்தான் உச்சி.
"அப்போ நமக்கு முன்னாடி போயிருக்கும்"
என்றாள் சுக்மாயா.
புகைபோக்கிகளை அழித்துவிட்டுக்
கப்பலுக்கு ஒரு குதிகால் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் அம்மாவுக்கு எழுத வேண்டிய சீட்டை
நான் நான்கு முறை தொடங்கிவிட்டேன்.