கரைக்கு எவ்வளவு தூரம்

படிவத்தில் ஏழாவது கேள்வி அது:
குளக்கரையிலிருந்து கட்டடத்துக்கு உள்ள தூரம், மீற்றரில்.
ஒரேயொரு கட்டம். நான்கு இலக்கம் எழுதலாம்.

இத்திமோட்டைக் குளத்துக்கு நான் போனது ஆவணிக் கடைசியில்.
தண்ணீர் துருசடிக்கு ஒதுங்கி
ஒரு சாரம் காயப்போட்ட அளவில் கிடந்தது.
மிச்சமெல்லாம் வெடித்த களி,
மாட்டுக் குளம்பு பதிந்து இறுகிய குழிகள்,
நடுவில் கிரிக்கெட்டுக்கு யாரோ நட்ட மூன்று தடிகள்.

சிறில் அருமைத்துரை படலையில் நின்றார்.
"இருபத்தாறு டிப்பர் கிரவல், மிஸ்.
எண்ணித்தான் பறிச்சது."
முழங்காலுக்கு மேல் உயர்ந்த மேடு.
மேட்டில் அத்திவாரம்.
நீட்டி நின்ற கம்பி நுனிகளில்
வெறும் சோடாப் போத்தல்களைக் கவிழ்த்திருந்தார்,
பிள்ளைகள் ஓடித் திரிகிற இடமாம்.

அனுமதி?
"போட்டிருக்கு."
எப்போது?
"அத்திவாரம் வெட்டின பிறகு."

சிவப்பு நுனிக் கட்டைகளை நான் அடிக்க அடிக்க
அவருடைய மனைவி பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தார்.
"இந்த நிறம் வேண்டாம் மிஸ்.
நாங்கள் திரும்பி வரேக்க
காணி முழுக்க இப்பிடித்தான் நட்டிருந்தவை.
உள்ளுக்குக் கால் வைக்க
ரெண்டு வருசம் தெருவில நிண்டு பாத்தனாங்கள்."
பையில் வேறு நிறம் இல்லை.
களியைக் குழைத்து நுனிகளில் பூசிவிட்டு
ஐம்பது மீற்றர் நாடாவை ஏழு தரம் இழுத்தோம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.
எதிலிருந்து?
இன்றைய தண்ணீரிலிருந்து.

அத்திவாரத்துக்கு அருகே நின்ற மருதில்
என் இடுப்பளவில் சேறு காய்ந்த கோடு.
கிரவலுக்குக் கீழே, மலக்குழிக்கு வெட்டிய கிடங்கின் சுவரில்
நத்தைக் கோதுகள், பல்லுப் பல்லாக.
"எட்டு வருசமா இதில தண்ணி ஏறேல்லை" என்றார்.
அது உண்மையாக இருக்கலாம்.
கோடு ஒன்பதாவது வருடத்தினதாக இருக்கலாம்.

முறைப்பாடு கொடுத்தவர் வேலிக்கு அந்தப் பக்கம்,
தவயோகம் அக்கா.
போன கார்த்திகை, தெருவில் பெய்த மழை
குளத்துக்கு இறங்கிப் போகிற வழியில்
இந்த மேட்டில் முட்டித் திரும்பி
அவவின் குசினிக்குள் புகுந்து அடுப்பை நூர்த்தது.
சுவரில் கீழ்வரிசைக் கல் மூன்று அரித்திருந்தது.
படம் எடுத்தேன்.
வாளியோடு மிதந்த கோழியைப் பற்றியும் சொன்னா,
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

தேத்தண்ணிக்கு முதல் கை கழுவக்
கிணற்றடியில் குனிந்தபோது
உடுப்புத் தோய்க்கும் கல்லின் பக்கத்தில்,
சவர்க்காரப் படைக்குள் ஏதோ வெட்டு.
நகத்தால் சுரண்டினேன்.
ஓர் அம்புக்குறி. கீழே பதினான்கு.
குளத்து ஒதுக்கீட்டின் எல்லைக்கல்.

அவ என் முகத்தைப் பார்த்தா.
"அது சும்மா கிடந்தது, மிஸ்."
எங்கே?

கையை நீட்டினா.
விரல் அருமைத்துரையின் அத்திவாரப் பக்கம் போகவில்லை.
தன்னுடைய குசினியைத் தாண்டி,
முன் வேலியைத் தாண்டி,
தெருவில் நின்ற எங்கள் சபை ஜீப்பின்
முன் சில்லில் போய் நின்றது.

தேத்தண்ணி ஆறிப்போனது.
ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை.
வேலிக்கு அங்கால் அருமைத்துரை
எதையோ தேடுவதுபோல் கிரவலைக் காலால் கிளறினார்.

இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, அலைகரை.
அலை வந்து மோதுகிற கரை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.
கரைதான் அலைகிறது.
கோடையில் துருசடி மட்டும் போய்ப் படுத்து
மாரியில் தெருவுக்கு வந்து
தன் கல்லைத் தேடும்.

கந்தோரில் ஏழாம் கட்டத்தில் 312 என்று எழுதினேன்.
வெட்டினேன்.
0 என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை.
பக்கத்து மேசை நவரஞ்சினி எட்டிப் பார்த்தா:
"ரெண்டு எண் போட்டால் கணினி எடுக்காது."

எந்த மாதம் என்று சேர்த்து எழுத
எங்கேயாவது இடம் இருக்கா என்று கேட்டேன்.
அவ படிவத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தா,
பின்பக்கம் முழுக்க முத்திரைகளுக்கு.