புள்ளி ஆறு மில்லி

பகாவ் அரசாங்க கிளினிக்.
ஒரு வெள்ளி சீட்டு.
டாக்டர் ஹஸ்லினா குணவதியின் வாய்க்குள்
சந்து சந்தாகக் கம்பி நுழைத்து அளந்தார்.
முன்பல்லுக்குப் புள்ளி நாலு, இளஞ்சிவப்பு.
கடைவாய்க்குப் புள்ளி ஆறு, நீலம்.
செம்பனை மில்லில் நான் ஃபிட்டர்.
பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே
இடைவெளி பார்த்தே நரைத்தவன்.
மனுச வாய்க்கும் அளவுண்டென்று
அன்றுதான் தெரிந்தது.
அதுவரை எங்கள் வீட்டில்
எல்லாச் சந்துக்கும் ஒரே ஈர்க்கு.

பிரஷ் என்னவோ எறும்புக்குச் செய்தது போல.
பிடி, தீக்குச்சி நீளம்.
அவளுக்கோ குலை விழுந்த வலது கை;
கட்டைவிரல் மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்கும்.
மூன்று முறை சிங்கில் விழுந்தது.
நாலாம் முறை அவள் திட்டியது
பிரஷை அல்ல.

முதலில் பைப்புத் துண்டு ஒன்றைச் செருகினேன்.
கன்னத்தில் இடித்தது.
பிறகு ஒழுகல் அடைக்கிற எபோக்ஸி மாவைப் பிசைந்து,
கையில் பிளாஸ்டிக் பை மாட்டி,
"பிடி, இறுக்கிப் பிடி" என்றேன்.
மடங்காத விரல்கள் மடங்காமலே பதிந்தன.
கழுத்துக்கு சைக்கிள் கம்பி.

கோணம் பார்க்க வாயைத் திறக்கச் சொல்லி
டார்ச் அடித்தேன்.
இருபத்தெட்டு வருஷக் குடும்பம்.
உள்ளே பார்ப்பது முதல் தடவை.
கீழ்வரிசை இடப்பக்கம்
ஒரு காலி மனை.
"இது எப்போ?"
என் விரல் உள்ளே இருந்ததால்
"ஆ" என்றாள்.
எடுத்த பிறகு சொன்னாள்:
"நீங்க மூவாருக்குக் கான்ட்ராக்டு வேலைக்குப் போன வருஷம்.
வேர் வைத்தியம் எண்ணூறு வெள்ளி. பிடுங்க அறுபது.
தம்பிக்கு ஸ்கூல் பஸ் காசு பாக்கி இருந்துச்சு."
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இவள்
பல் போனதையே சொல்லவில்லை.

இன்று ராத்திரி
கண்ணாடி முன் நின்று நீலத்தை நுழைத்தாள்.
வந்தது, மத்தியான ஆட்டிறைச்சியின் நார்.
கோர்ட்டில் சாட்சி காட்டுவது போல
என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.
"நல்லாத்தான் இருக்கு.
கழுத்து மட்டும் கொஞ்சம் உள்ளே சாயணும்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு?
அவளுக்கு மில்லிக் கணக்கு கிடையாது.
குறட்டோடு வாசல் விளக்கடிக்கு வருகிறேன்.
எண்ணெய் லாரி ஒன்று
வீட்டுக் கண்ணாடிகளை நடுங்க வைத்துப் போகிறது.
அது போன பிறகும்
உள்ளே அவள் கொப்பளிக்கும் சத்தம்,
ரொம்ப நேரமாக.