ஆள் மாற்றும் நேரம்

மஞ்சக்குப்பத்தில் நமக்கு வாடகைக்குக் கிடைத்தது
ஒன்றரை அறை, ஒரு முருங்கை.
பட்டுப்போன அதன் கிளை
வீட்டுக்காரர் கலியபெருமாளின் ஓட்டின்மேல் சாய்ந்திருந்தது.

சிப்காட்டில் இரவு முடித்து
சட்டையில் அந்த நாற்றத்தோடு நான் வர,
பாண்டி ஆஸ்பத்திரிக்கு நீ கிளம்ப,
வாசலில் ஆறு நிமிடம்.
குழந்தை உன் தோளிலிருந்து என் தோளுக்கு.
'பால் ஆற வச்சிருக்கேன். காதுல மருந்து, ரெண்டு சொட்டு.'
அதற்குள் பஸ்.

தை கடைசியில் அவை வந்தன.
பச்சை உடம்பு, நெற்றியில் அப்பிய சிவப்பு,
கைப்பிடிக்குள் அடங்கும்.
டுக் டுக் டுக் என்று நாள் முழுக்க.
பக்கத்தில் யாரோ செம்பு தட்டுகிறார்கள் என்றிருந்தேன்.
குக்குறுவான்.

கிளையின் அடிப்பக்கம், மழை இறங்காத இடம் பார்த்து
ஒன்று கொத்தும்.
தலை உள்ளே போய் வால் மட்டும் வெளியே ஆடும்.
வாய் கொள்ளாத மரத்தூளோடு வந்து உதறும்.
இன்னொன்று வந்து உட்கார்ந்ததும்
இது பறக்கும், அது நுழையும்.
எது ஆண், எது பெண்,
கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.
போவது, வருவது
என்றே பெயர் வைத்தேன்.

மருந்துச்சீட்டின் பின்பக்கம் உனக்கு எழுதிவைப்பேன்:
'ஓட்டை இப்போது தலை போகிற அளவு.'
'இன்று முழுசாக உள்ளே போய்விட்டது.'
'சத்தமே இல்லை. முட்டையாக இருக்கும்.
பிள்ளைக்கு இருமல் தேவலை.'
நீ கீழே எழுதியிருப்பாய்: 'கேஸ் புக் பண்ணு.'

பங்குனியில் கலியபெருமாள் அரிவாளோடு வந்தார்.
'முறியிற மரம். ஓடு போச்சுன்னா யார் குடுக்கிறது?'
இடுப்பில் பிள்ளையோடு
'நான் மாத்தித் தரேன்' என்றேன்.
அன்று என்னிடம் இருந்தது நாற்பது ரூபாய்.
அவர் நிமிர்ந்து பார்த்தார்.
அலகில் ஆலம்பழத்தோடு வருவது காத்திருந்தது;
போவது இன்னும் வெளியே வரவில்லை.
அரிவாள் பிடியால் முதுகைச் சொறிந்தபடி போய்விட்டார்.
தொட்டிலுக்கு வாங்கி மிஞ்சிய கயிற்றால்
கிளையை ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினேன்.

பிறகு ஓட்டம்தான்.
பழம் உள்ளே, எச்சம் வெளியே.
இங்கே வாளியில் துணி ஊறும்.

சித்திரையில் ஒரு பகல், ரெண்டு டியூட்டி பார்த்து நீ வந்த நாள்,
கிளையில் ரெண்டும் சேர்ந்து இருந்தன.
ஒன்றை ஒன்று பார்க்கவில்லை.
தோளொட்டி, ஒரு நிமிடம் இருக்கும்.

உன்னைக் கூப்பிட உள்ளே வந்தேன்.
சீருடை மாற்றாமல் தூங்கிப்போயிருந்தாய்,
உன் கட்டைவிரல் பிள்ளையின் கைக்குள்.

சீட்டில் எழுத எடுத்த பேனாவை மூடிவிட்டு
மிச்சமிருந்த இடத்தில்
ஒருக்களித்துப் படுத்தேன்.